பி.எஃப். 109-ஆ, எம்.ஈ. 109-ஆ? - பிரம்போடு அலையும் வாத்தியார்களுக்கு

"எம்.ஈ. 109"னு யாராவது எழுதிட்டா போதும். உடனே ஒருத்தர் வந்து, "தப்பு சார், பி.எஃப். 109தான் சரி"ன்னு பிரம்பைத் தூக்கிடறார். கொஞ்சம் பொறுங்க மக்களே.

அவர் சொல்றதுல பாதி உண்மை. 1935-ல் அந்த ஜெர்மன் விமானம் முதன்முதலில் பறந்தபோது நிறுவனத்தின் பெயர் பயரிஷே ஃப்ளுக்சாய்க்வெர்கே. பி.எஃப். வந்தது அதிலிருந்துதான். 1938 ஜூலையில் அது மெஸ்ஸர்ஷ்மிட் ஏ.ஜி. ஆனது. பிறகு வந்த 163, 210, 262 எல்லாம் எம்.ஈ. பழைய 108, 109, 110 மூன்றுக்கும் அமைச்சகப் பட்டியலில் பி.எஃப்.தான்.

மீதிப் பாதி? போர்க்கால ஜெர்மன் ஆவணங்களிலேயே ரெண்டு பேரும் கிடக்கு. விமானிகளும் சர்வசாதாரணமா எம்.ஈ.ன்னுதான் சொன்னாங்க. ஓட்டினவனுக்கே பேர் தெரியலைன்னு சொல்லப் போறீங்களா?

இன்னொண்ணு கேளுங்க. 1939 ஏப்ரல் 26 அன்று ஃப்ரிட்ஸ் வெண்டல் மணிக்கு 755 கி.மீ. வேகத்தில் பறந்து உலக சாதனை படைத்தார். பறந்தது எம்.ஈ. 209. வெளியில் சொன்ன பேரோ எம்.ஈ. 109 ஆர். படையில இருக்கிற 109தான் இப்படிப் பறக்குதுன்னு ஊரை நம்ப வைக்கத்தான். அந்தப் பேரைத் 'திருத்தினா' புளுகுக்கான சாட்சியும் சேர்ந்து காலி.

நானும் பிரம்பு தூக்கினவன்தான். 1940-ல் பிரிட்டிஷ் விமானிகள் எழுதின சண்டை அறிக்கைகளை அட்டவணையா தட்டிக்கிட்டிருந்தேன். சிலதுல 'ஹெய்ன்கெல் 113'னு இருந்தது. அப்படி ஒரு போர் விமானம் படையில் இருந்ததே இல்லை. ஹெய்ன்கெல் 100-க்கு விதவிதமா சின்னம் பூசி, படம் பிடிச்சு ஜெர்மனி விட்ட சரடு அது. விமானிகள் பார்த்தது பெரும்பாலும் 109ஆகத்தான் இருக்கணும். மேதாவித்தனமா எல்லாத்தையும் 109-னு மாத்திட்டேன். அப்புறம்தான் உறைச்சது: அந்தச் சரடு யார் யாரிடம் எடுபட்டதுன்னு காட்டின ஒரே தடயத்தை நானே அழிச்சிருக்கேன். எங்கெல்லாம் மாத்தினேன்னும் ஞாபகம் இல்லை. மறுபடி முதல்லேர்ந்து தட்டினேன்.

அதனால சொல்றேன். ஆவணத்தில் இருக்கிற பேரை அப்படியே எழுதுங்க. உங்க திருத்தம் பக்கத்துக் கட்டத்தில் இருக்கட்டும். பேர் ஒழுங்கா இல்லைங்கறதும் வரலாறுதான் சாமி!

டிஸ்கி: என் சொந்த எழுத்தில் நான் பி.எஃப்.தான். அதுக்காக அடுத்தவன் அறிக்கையில கை வைக்க மாட்டேன்.