மொட்டைமாடிக்குக் கரண்ட் பில் கட்டுகிறேன்

தில்லியில் டிசம்பர் பிறந்தால் நம்மூர்க்காரர்கள் வீட்டில் இரண்டே பேச்சுதான். ஒன்று, "போன வருஷத்தை விட இந்த வருஷம் குளிர் ஜாஸ்தி". இன்னொன்று, "எந்த ஹீட்டர் நல்லா இருக்கும்?". ராடு ஹீட்டரா, ப்ளோயரா, ஆயில் ஹீட்டரா என்று நானும் பதினாலு வருஷமாக எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்துவிட்டேன். எங்கள் வீட்டுப் பரணில் ஒரு ஹீட்டர் மியூசியமே இருக்கிறது. டிக்கெட் போட்டால் தங்கமணி கோபித்துக்கொள்வார் :-)

போன ஜனவரியில் அம்மா தென்காசியிலிருந்து வந்திருந்தார். நாங்கள் இருப்பது நாலு மாடி பில்டர் ஃப்ளோரில் மேல் மாடி. வாடகை கொஞ்சம் குறைவு, வெயிலும் வரும் என்று எடுத்தது. அம்மாவுக்கென்று ஒதுக்கிய அறையில் 2,000 வாட் ஹீட்டர் ஒன்று, பத்தாததற்கு இன்னொன்று. ராத்திரி பத்து மணிக்கு இரண்டையும் போட்டதும் எம்.சி.பி. டப்பென்று விழுந்தது. இருட்டில் அம்மா சுவரில் கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னது: "ஏல, ஹீட்டரு சூடாத்தான் இருக்கு. செவருல்லா ஐஸு மாதிரி இருக்கு!"

பொறியியல் படித்த எனக்கு பதினாலு வருஷமாக உறைக்காத விஷயம் இது. பிரச்சினை ஹீட்டரில் இல்லை, வீட்டில்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம், பயப்பட வேண்டாம். ஒரு சுவரோ கூரையோ எவ்வளவு சூட்டை வெளியே விடுகிறது என்பதற்கு யு-வேல்யூ என்று ஓர் அளவு உண்டு. உள்ளேயும் வெளியேயும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் ஓடிப்போகும் என்பதுதான் அது. எண் குறையக் குறைய நல்லது. பூச்சோடு சேர்ந்த ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்கு இது சுமார் 2. நாலரை அங்குலச் சுவர் என்றால் 3-ஐத் தொடும். மேலே எதுவும் போடாத வெறும் கான்கிரீட் தளத்துக்கு சுமார் 3.5. ஒற்றைக் கண்ணாடி ஜன்னலுக்கு 5.7 வரை போகும்.

அம்மாவின் அறை பன்னிரண்டுக்குப் பத்து அடி. வெளியே 8 டிகிரி, உள்ளே 20 டிகிரி வேண்டும் என்று வையுங்கள். கூரை வழியாக மட்டும் சுமார் 460 வாட் போகிறது. வெளிப்பக்கம் உள்ள இரண்டு சுவர்கள் ஒன்பது அங்குலமாகவே இருந்தாலும் 430 வாட். ஜன்னலில் 130-க்கு மேல். ஆக ஆயிரம் வாட்டுக்கு மேல் சும்மா வானத்துக்குப் போகிறது. கதவிடுக்கில் போகும் காற்று தனிக்கணக்கு. 2,000 வாட் ஹீட்டரில் பாதி, மொட்டைமாடியில் உட்காரும் புறாக்களுக்குத்தான்.

ராடு, ப்ளோயர், ஆயில் எல்லாமே ஒரு யூனிட் கரண்டுக்கு ஒரே அளவு சூட்டைத்தான் தரும். சூடாக்கும் வசதியுள்ள ஏ.சி. அதே யூனிட்டுக்கு இரண்டு மூன்று மடங்கு தரும் என்பது உண்மை. ஆனால் அதுவும் ஓட்டை வாளியில் ஊற்றுகிற தண்ணீர்தான். இன்னொன்றும் உண்டு. சுவர் சில்லென்று இருந்தால், அறைக்குள் காற்று 20 டிகிரி இருந்தாலும் நம் உடம்புச் சூட்டை அந்தச் சுவர் இழுத்துக்கொண்டே இருக்கும். அம்மா கையை வைத்துச் சொன்னதுதான் சரி.

இதற்கு நம் நாட்டில் விதியே இல்லையா? இருக்கிறது. 2018 டிசம்பரில் மத்திய அரசின் பி.இ.இ. (ஃப்ரிட்ஜில் ஸ்டார் ஒட்டுகிறார்களே, அவர்கள்தான்) வீடுகளுக்கென்று 'எகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற விதித்தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். அதன்படி கூரையின் யு-வேல்யூ 1.2-க்கு மேல் போகக்கூடாது. சிம்லா, லே மாதிரி குளிர் பிரதேசம் என்றால் சுவரும் ஜன்னலும் சேர்ந்த சராசரி 1.8-ஐத் தாண்டக்கூடாது. தில்லி 'கலப்புப் பருவநிலை' என்ற பட்டியலில் வருவதால், இங்கே சுவருக்கு வெயில் கணக்கு மட்டும்தான். கூரை விதி மட்டும் எல்லா ஊருக்கும் பொது.

அந்தக் கூரை விதி ஒன்றை மட்டும் எங்கள் வீட்டுக்குப் போட்டுப் பார்த்தேன். 460 வாட், 160 வாட் ஆகிறது. பத்து மணி நேரத்துக்கு மூன்று யூனிட், மாதத்துக்கு 90 யூனிட். ஒரே ஓர் அறைக்கு!

பிறகு ஏன் எங்கள் தலைக்கு மேலே வெறும் கான்கிரீட்? விதியில் ஒரு வரி இருக்கிறது. 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்குத்தான் இது. தில்லிக் கணக்கில் கிட்டத்தட்ட 600 கஜம். நம்மைப் போன்றவர்கள் வாடகைக்கு இருக்கும் பில்டர் ஃப்ளோர்கள் 100 கஜம், 200 கஜம் மனையில் கட்டியவை. 2022-ல் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தைத் திருத்தி வீடுகளையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அதிலும் 100 கிலோவாட் இணைப்பு என்று ஒரு வாசல்படி. மாநில அரசு நினைத்தால் அதைக் குறைக்கலாம். குறைக்காதவரை நாலு குடும்பம் இருக்கும் கட்டடம் அந்தப் படியேறவே முடியாது. ஆக, குளிரில் நடுங்குகிற வீட்டுக்கு விதி இல்லை, விதி இருக்கிற வீட்டுக்காரர் நடுங்குவதில்லை.

"மார்க்கெட் பார்த்துக்கொள்ளும்" என்று நண்பர் ஒருவர் சொன்னார். பார்த்துக்கொள்ளாது சார். கட்டுகிற பில்டர் கரண்ட் பில் கட்டுவதில்லை. வாங்கி வாடகைக்கு விடுகிற ஓனரும் கட்டுவதில்லை. கட்டுகிற நமக்குக் கூரைமேல் கை வைக்க உரிமை இல்லை. எங்கள் ஓனர் அங்கிள்ஜியிடம் கூரையைப் பற்றிச் சொன்னேன். அன்பாகத்தான் பதில் சொன்னார்: "பேட்டா, ஏக் ஔர் ஹீட்டர் லே லோ!" மூன்று பேரில் யாருக்கும் அக்கறை வராத இடத்தில் விதி ஒன்றால்தான் வேலை நடக்கும். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு ஜெர்மனி 1977-லும், கலிஃபோர்னியா 1978-லும் விதி போட்டது இதனால்தான்.

"தில்லிக் குளிர் இரண்டு மாசம்தானே?" என்பீர்கள். அதே கூரைதான் ஜூன் மாதம் 45 டிகிரி வெயிலில் காய்ந்து, ராத்திரி முழுக்க நம் தலையில் சூட்டை இறக்குகிறது. ஜனவரியில் காப்பாற்றுகிற கூரை ஜூனிலும் காப்பாற்றும். நம்மூரில் தாத்தா காலத்திலேயே தளத்துக்கு மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கொட்டி இடித்து, தட்டோடு பதிப்பார்கள். வடக்கில் மண்ணும் வைக்கோலும் குழைத்துப் பரப்பி மேலே செங்கல் ஓடு வைப்பார்கள், மட் ஃபுஸ்கா என்று பெயர். தெரியாத வித்தை ஒன்றுமில்லை. லிஃப்ட் வாசலில் இத்தாலியன் மார்பிள் பதிக்கிற பில்டர், மாடியில் இரண்டு அங்குல ஃபோம் பலகை போட்டு ஓடு பதித்தால் ஓட்டாண்டி ஆகிவிட மாட்டார்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நல்ல கூரை வந்தால் என் பில் அந்த 90 யூனிட்டும் குறையாமல் போகலாம். இப்போது ஓர் அறையை மட்டும் சூடாக்குகிறவன், அப்போது ஹாலையும் சேர்த்துக்கொள்வேன். அதிலென்ன தப்பு? அதே காசுக்கு வீடு முழுக்க மனுஷன் இருக்கலாமே. ஹீட்டருக்கும் வழியில்லாதவர்கள் கதவை அடைத்துக்கொண்டு கரி அங்கீட்டி மூட்டித் தூங்கி, கார்பன் மோனாக்சைடில் செத்துப்போகிற செய்தி தில்லிப் பக்கம் வருஷா வருஷம் வருகிறது. வீடு சூட்டைப் பிடித்துவைத்தால் அங்கீட்டி தேவைப்படாத ராத்திரிகள் அதிகமாகும். ஆனால் எந்த வீடானாலும் மூடிய அறையில் கரி மூட்டவே கூடாது, காற்றுக்கு வழியும் இருந்தாக வேண்டும்.

ஆகவே மக்களே, 500 சதுர மீட்டர் என்ற அந்த வரி போக வேண்டும் என்பதுதான் என் கட்சி. எல்லாப் புது வீட்டுக்கும், குறைந்தபட்சம் கூரைக்காவது, விதி வேண்டும். அதுவரை வீடு பார்க்கப் போகும்போது மாடுலர் கிச்சனைப் பார்க்கிற கண்ணால் மொட்டைமாடியையும் ஒருமுறை பாருங்கள். சுவர் நாலரையா ஒன்பதா என்று கேளுங்கள். ஃப்ளாட் வாங்குகிறவர்கள் கூரையின் யு-வேல்யூ என்ன என்று பில்டரிடம் எழுத்தில் கேளுங்கள். முழிப்பார். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குப் பதில் தயாராக இருக்கும்.

நேற்று அம்மா போனில், "இந்தத் தடவை தைப்பொங்கலுக்கு அங்க வரட்டுமாலே? பேத்தியப் பாத்து நாளாச்சு" என்றார். "மார்ச்ல வாங்கம்மா" என்றேன். என்னிடம் மூன்று ஹீட்டர் இருக்கிறது. அம்மாவைக் கூப்பிட ஒரு வீடு இல்லை.