டாங்கிக் காட்சிக்கு இரண்டு இசை

1995 நவம்பரில் வெளியான 'கோல்டன் ஐ' படத்தில் ஜேம்ஸ் பாண்ட் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் தெருக்களில் ராணுவ டாங்கி ஓட்டுகிறார். அந்தக் காட்சிக்கு இரண்டு இசை உண்டு. ஒன்று படத்தில் இருக்கிறது, மற்றது இசைத்தட்டில் இருக்கிறது. படத்துக்கு இசையமைத்தவர் பிரான்சைச் சேர்ந்த எரிக் செரா. அவர் அந்தக் காட்சிக்குக் கொடுத்த துண்டு தயாரிப்பாளர்களுக்குப் பிடிக்கவில்லை. செராவின் இசைக்கு வாத்தியக்குழுப் பகுதிகளை அமைத்துத் தந்த ஜான் ஆல்ட்மனையே கூப்பிட்டு வேறொன்று எழுதி வாங்கினார்கள். டாங்கி சுவரைப் பிளந்துகொண்டு தெருவுக்கு வரும்போது டிரம்பெட்டும் டிராம்போனும் சேர்ந்து பழைய பாண்ட் மெட்டை எழுப்புகின்றன அல்லவா, அது ஆல்ட்மன். அந்த ஆண்டு வந்த இசைத்தட்டிலோ செராவின் நிராகரிக்கப்பட்ட துண்டுதான் இருந்தது.

முப்பது ஆண்டுகளாக இந்தப் படத்தின் இசை குறித்து ரசிகர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பாண்ட் படங்களின் வரலாற்றிலேயே மோசமான இசை இதுதான் என்பது ஒரு கட்சி. காலத்துக்கு முன்னால் பிறந்துவிட்ட இசை என்பது இன்னொரு கட்சி. இரண்டையும் கொஞ்சம் பொறுமையாகக் கேட்டால் ஒன்று புரியும். பாதிப் பேர் தட்டைக் கேட்டுவிட்டுப் பேசுகிறார்கள், பாதிப் பேர் படத்தைப் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள். இருவர் காதிலும் விழுந்தது ஒரே இசை இல்லை.

எதிர்க்கட்சியின் முதல் குற்றச்சாட்டு, பாண்டுக்கு மின்னணு இசை ஆகாது என்பது. இது நிற்காது. பாண்ட் இசை என்று உலகம் எதைச் சொல்கிறதோ அதை உருவாக்கிய ஜான் பேரி, 1969-லேயே 'ஆன் ஹெர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்' படத்தில் மூக் சிந்தசைஸரைக் கொண்டுவந்து வைத்தார். அந்தப் படத்தின் முகப்பு இசையில் பித்தளை வாத்தியங்களுக்கு அடியில் உறுமிக்கொண்டே போவது அதுதான். மார்வின் ஹாம்லிஷ் 1977-ல் பாண்ட் மெட்டை டிஸ்கோவாகவே மாற்றினார். பேரி தன் கடைசி பாண்ட் படமான 1987-ன் 'தி லிவிங் டேலைட்ஸ்' படத்தில், வாத்தியக்குழுவின்மேல் மின்னணுத் தாளத்தை ஏற்றிப் பதிவு செய்தார். அப்போதெல்லாம் ஒருவரும் கொடி பிடிக்கவில்லை. 1997-ல் டேவிட் ஆர்னால்ட் 'டுமாரோ நெவர் டைஸ்' படத்துக்கு வந்தார். ஹாம்பர்க் நகரத்துக் கார் நிறுத்துமிடத்தில் பாண்ட் பின் இருக்கையில் படுத்தபடி ரிமோட்டால் காரை ஓட்டும் காட்சி நினைவிருக்கும். அதன் இசையை 'புரொபெல்லர்ஹெட்ஸ்' என்ற மின்னணு இசைக்குழுவின் அலெக்ஸ் கிஃபோர்டோடு சேர்ந்து செய்தார். நடன அரங்கத்துத் தாளம்தான் அது. செராவைத் தூற்றிய அதே ரசிகர்கள் அதைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார்கள்.

அப்படியானால் கோபம் மின்சாரத்தின் மேல் இல்லை. வேறு எதன்மேல்?

மெட்டின்மேல் என்று நினைக்கிறோம். இன்னும் சரியாகச் சொன்னால், மெட்டு கிடைக்காததன்மேல். பேரியின் முறை எளிமையானது. படத்தின் பாடலை அவரே எழுதுவார், பிறகு அந்தப் பாட்டின் மெட்டையே படம் முழுக்க இழுத்து, குறுக்கி, இருட்டாக்கி, காதலாக்கிப் பயன்படுத்துவார். 1964-ன் 'கோல்ட்ஃபிங்கர்' பார்த்தவர் அரங்கை விட்டு வரும்போது அந்த மெட்டைப் பத்து விதமாகக் கேட்டு முடித்திருப்பார். ஆர்னால்டும் இதைத்தான் செய்தார். அவர் எழுதிய 'சரண்டர்' பாட்டு முகப்பில் வராமல் படத்தின் கடைசிக்குத் தள்ளப்பட்டது. ஆனாலும் அதன் மெட்டு படம் நெடுகப் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். 'கோல்டன் ஐ'யில் இந்தக் கயிறு அறுந்துபோய்விட்டது. முகப்புப் பாடலை எழுதியது 'யூ2' குழுவின் போனோவும் எட்ஜும், பாடியது டினா டர்னர். நல்ல பாட்டு. ஆனால் அதன் ஒரு சுரம்கூடச் செராவின் பின்னணி இசைக்குள் வருவதில்லை. பாட்டு ஒரு வீட்டில், பின்னணி இசை வேறொரு வீட்டில். பார்வையாளர் கையில் பிடித்துக்கொள்ள எதுவும் தராமல் இரண்டு மணி நேரத்துக்குமேல் உட்காரவைத்தால், அவர் எரிச்சலை இருப்பதிலேயே கண்ணில் படுகிற பொருள்மேல் காட்டுவார். இங்கே கண்ணில் பட்டது சிந்தசைஸர்.

போதாக்குறைக்குப் பாண்ட் மெட்டையும் செரா அதன் வழக்கமான உடையில் விடவில்லை. மான்டி நார்மன் எழுதி, பேரி வாத்தியக்குழுவுக்கு அமைத்து, விக் ஃபிளிக் கிட்டாரில் வாசித்து 1962-ன் 'டாக்டர் நோ'வில் வெளிவந்த மெட்டு அது. (அது யாருடைய மெட்டு என்பதே லண்டனில் நீதிமன்றம் வரை போயிற்று. பேரிதான் எழுதினார் என்று எழுதிய ஆங்கில வார ஏட்டின் மேல் நார்மன் அவதூறு வழக்குப் போட்டு 2001-ல் ஜெயித்தார்.) முப்பது வருஷங்களுக்குமேல் கிட்டாரில் கேட்டுப் பழகிய அதைச் செரா டிம்பனி முரசில் அடித்தார். துப்பாக்கிக் குழல் வழியாகப் பாண்ட் நடந்துவரும் அந்தப் புகழ்பெற்ற தொடக்கத்தில், மெட்டு எங்கோ ஆலைக்குள் இரும்பு இடிபடுவதுபோலக் கேட்கிறது. ஆறு ஆண்டுகள் பாண்ட் படமே இல்லாமல் காத்திருந்து வந்தவர்களுக்கு முதல் நிமிடத்திலேயே இது கிடைத்தது. கோபம் வராமல் என்ன செய்யும்?

ஆனால் அந்த ஆலைச் சத்தம் தற்செயல் இல்லை. செரா யார் என்று பார்க்க வேண்டும். அவர் அடிப்படையில் பேஸ் கிட்டார்க்காரர். லுக் பெஸ்ஸோனின் 'தி பிக் புளூ', 'நிகிதா', 'லியோன்' படங்களுக்கு இசையமைத்தவர். 'நிகிதா' அரசாங்கத்துக்காகக் கொலை செய்யப் பழக்கப்படும் ஒரு பெண்ணின் கதை. அதில் செராவின் இசை அடித்தளத்தில் கனமான பேஸ், மேலே எதிரொலித்து நீளும் வெறுமை. மெட்டுக்குப் பதிலாக இடம் கேட்கும். குளிர்ந்த அறை, நீண்ட நடைபாதை, யாரோ நிற்கிற இருட்டு. அவரை அழைத்தவர்களுக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை.

'கோல்டன் ஐ'யின் கதைக்கு அது பொருந்தவும் செய்தது. சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு வந்த முதல் பாண்ட் படம் இது. புதிய மேலதிகாரியான பெண்மணி, நீ பனிப்போர்க் காலத்து மிச்சம் என்று பாண்டின் முகத்துக்கு நேரே சொல்கிறார். கைவிடப்பட்ட லெனின் சிலைகளும் அரிவாள் சுத்தியல்களும் குவிந்து கிடக்கும் மைதானத்தில், செத்துவிட்டதாக நினைத்த தோழன் எதிரியாக வந்து நிற்கிறான். அந்தச் சிலைக் காட்சியில் செராவின் இசையைக் கவனியுங்கள். பித்தளை வாத்தியங்கள் கிடையாது, முன்னறிவிப்பு கிடையாது. தாழ்ந்த சுருதியில் ஏதோ முனகுகிறது, உலோகம் உரசுகிறது. துருப்பிடித்த ஒரு பேரரசின் ஒலி அது. பேரியின் பளபளக்கும் டிரம்பெட்டுகளை அங்கே வைத்திருந்தால் காட்சி சுற்றுலாப் படமாகியிருக்கும்.

செவர்னயா என்ற பனிப்பிரதேசக் கண்காணிப்பு நிலையத்தில் எல்லோரும் சுட்டுக் கொல்லப்பட்டபின் நத்தாலியா என்ற ஒருத்தி மட்டும் உயிரோடு எழுந்து வருகிறாள். இங்கேதான் செரா தந்தி வாத்தியங்களையும் குரல்களையும் கொண்டுவருகிறார். ரஷ்யத் தேவாலயத்தை நினைவூட்டும் மெதுவான நகர்வு. சிந்தசைஸரை மட்டுமே வைத்துச் செரா ஒப்பேற்றினார் என்று சொல்பவர்கள் இந்தப் பகுதியைக் கேட்டதே இல்லை போலிருக்கிறது. படத்தின் பிற்பகுதியில் கடற்கரையில் அவளும் பாண்டும் பேசிக்கொள்ளும் காட்சியிலும் இதே தந்திகள்தான். இப்படி இருந்தால்தான் உயிரோடு இருக்க முடியும் என்று அவர் சொல்ல, அதனால்தான் தனியாக இருக்கிறாய் என்ற பொருளில் அவள் பதில் சொல்கிறாள். பாண்டுக்காக ஒரு கணம் இசை வருத்தப்படுகிறது. அதற்கு முந்திய பாண்ட் படங்களில் இப்படி எத்தனை இடம் தேறும் என்று எண்ணிப் பார்க்கலாம். நம் கணக்கில் மிகச் சில.

இவ்வளவும் சொல்லிவிட்டு டாங்கிக்குத் திரும்புவோம். தட்டில் இருக்கும் செராவின் துண்டைக் காட்சியோடு மனத்துக்குள் பொருத்திப் பார்த்தால், தயாரிப்பாளர்கள் செய்தது சரி என்றே தோன்றுகிறது. துரத்தல் காட்சிக்கு இசை ஒரு திசையைக் காட்ட வேண்டும். யார் முந்துகிறார், எங்கே திருப்பம், எப்போது மோதல் என்று காது முன்கூட்டியே உணர வேண்டும். பித்தளை வாத்தியங்கள் இதைச் சுலபமாகச் செய்யும். சுருதியை ஒரு படி ஏற்றினால் வண்டி வேகமாகிவிட்டதாக நம்புவோம். செராவின் துண்டு ஒரே தாளத்தில் சுற்றிச் சுற்றி வருகிறது. படம் ஓடுகிறது, இசை உட்கார்ந்திருக்கிறது. சிலைகளுக்கு நடுவே வரமாக இருந்த அதே அசைவின்மை டாங்கிக்குச் சாபம். தவிர, அந்தக் காட்சியே ஒரு கொண்டாட்டம். டாங்கியை ஓட்டியபடியே பாண்ட் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொள்கிறார். அந்த நகைச்சுவைக்கு ஆல்ட்மனின் ஆர்ப்பாட்டம்தான் ஜோடி.

மாற்றியிருக்க வேண்டிய இன்னொன்றை மாற்றாமல் விட்டார்கள். மான்டி கார்லோ மலைப்பாதையில் பாண்டின் ஆஸ்டன் மார்ட்டினும் ஒரு ஃபெராரியும் போட்டி போடும் காட்சி. அதற்குச் செரா தந்திருப்பது குரல் முனகல்களும் துள்ளும் தாளமும் கலந்த ஒன்று. எங்களால் இன்றைக்கும் அதைச் சிரிக்காமல் கேட்க முடியவில்லை. செராவின் பரம ரசிகர்களும் இந்த இடத்தில் பேச்சை மாற்றிவிடுவார்கள். படம் முடியும்போது செராவே பாடும் பாட்டையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

ரசிகர் கருத்து எப்படி உருவாகிறது என்பதற்கு இந்தப் படத்திலேயே ஒரு விசித்திரமான சாட்சி உண்டு. 1997-ல் நின்டெண்டோ 64 கருவிக்கு 'கோல்டன் ஐ 007' என்ற விளையாட்டு வந்தது. 80 லட்சத்துக்குமேல் விற்றது. கிரேம் நார்கேட், கிராண்ட் கிர்க்ஹோப் இருவரும் முக்கியமாக அமைத்த அதன் இசை, செராவின் உலோகத் தட்டல்களையும் குளிர்ந்த ஒலிகளையும் அடியொற்றியது. அணைக்கட்டின்மேலும் பனிநிலத்திலும் கட்டுப்பாட்டுக் கருவியைப் பிடித்தபடி மணிக்கணக்கில் அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் பின்னால் படத்தைப் பார்த்தபோது, செராவின் இசை அவர்களுக்கு அந்நியமாக இல்லை. பாண்ட் என்றால் இதுதான் சத்தம் என்று அவர்கள் காது ஏற்கெனவே பழகிவிட்டிருந்தது. கிட்டாரில் கேட்டு வளர்ந்தவர் முரசை வெறுத்தார், முரசில் கேட்டு வளர்ந்தவர் அதைக் கொண்டாடினார். இரண்டு தீர்ப்பிலும் படம் எங்கே இருக்கிறது?

பிற்பாடு உளவுப் படங்களின் இசையே செரா இருந்த பக்கம் நகர்ந்துவிட்டது. 2002-ல் 'தி போர்ன் ஐடென்டிட்டி'க்கு ஜான் பவல் தந்தது தந்தி வாத்தியங்களின் சின்னச் சின்ன துண்டுகள் திரும்பத் திரும்ப வருவதும், கீழே மின்னணுத் தாளம் விடாமல் துடிப்பதும். முழக்கமிடும் மெட்டு இல்லை. ஆனால் பவலின் தாளம் ஓடுகிறது, காட்சியோடு சேர்ந்து மூச்சு வாங்குகிறது. செரா தவறவிட்டது அதைத்தான். போர்னுக்குப் பிறகு வந்த எத்தனையோ உளவுத் தொடர்களில் இந்த முறை இன்று அலுத்தே போய்விட்டது. அதைக் குறித்துத் தனியாக எழுத வேண்டும்.

எங்கள் தீர்ப்பு இது: 'கோல்டன் ஐ'யின் நிற்கும் காட்சிகளுக்குச் செரா சரி, ஓடும் காட்சிகளுக்குச் சரியில்லை. முழுதாக நல்ல இசை, முழுதாகக் கெட்ட இசை என்று ஒரே மூட்டையாகக் கட்டி எடைபோடும் பழக்கத்தால்தான் இந்தச் சண்டை முடியாமல் நீள்கிறது.

இந்த இதழுக்குப் பின்னணி இசை குறித்து எழுத முன்வரும் நண்பர்களிடம் இதனால் ஒரு வேண்டுகோள். 'மிரட்டியிருக்கிறார்', 'உயிர் கொடுத்திருக்கிறார்', 'காதைப் பதம் பார்க்கிறது' போன்ற சொற்றொடர்களை நாங்கள் இனி அச்சேற்றுவதாக இல்லை. தமிழ்ப் படமோ வேற்றுமொழிப் படமோ, எந்தக் காட்சி, அந்தக் காட்சியில் யார் என்ன செய்கிறார், அப்போது எந்த வாத்தியம் நுழைகிறது, எது நிற்கிறது என்று எழுதுங்கள். தட்டிலோ கைபேசியிலோ கேட்டதை எழுதினால் அப்படிக் கேட்டேன் என்று குறிப்பிடுங்கள். இரண்டு பக்கம் போதும். அடுத்த இதழுக்கான கட்டுரைகளை அட்டையின் உட்புறத்தில் உள்ள முகவரிக்கு அனுப்பலாம்.