கேஸ் ஷீட்டில் தூங்கும் உண்மைகள் அச்சேறுவது எப்போது?

பெருங்குடலில் புற்றுநோய் வந்து, ஆபரேஷனும் கீமோதெரபியும் முடிந்து வீடு திரும்பியவர்கள், தக்க மேற்பார்வையில் 3 ஆண்டுகள் உடற்பயிற்சி செய்தால் நோய் திரும்புவது குறைகிறது, ஆயுளும் நீடிக்கிறது. 2025-ம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவின் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆப் மெடிசின்' என்ற மருத்துவ ஏட்டில் வெளியான ஆராய்ச்சி முடிவு இது.

நல்ல செய்திதான். 2009-ம் ஆண்டு தொடங்கி 889 நோயாளிகளைச் சேர்த்து, ஆண்டுக்கணக்கில் கண்காணித்து எழுதிய கட்டுரை. உடற்பயிற்சி செய்த பிரிவில் 8 ஆண்டு முடிவில் 100-க்கு 90 பேர் உயிருடன் இருந்தனர். அறிவுரைப் புத்தகம் மட்டும் பெற்ற பிரிவில் 83 பேர். ஒரு மாத்திரை இந்தப் பலனைத் தந்திருந்தால் அதை உலகமே கொண்டாடியிருக்கும்.

ஆனால் அந்த 889 பேர் யார்? பெரும்பாலோர் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் சிகிச்சை பெற்றவர்கள். இந்திய ஆஸ்பத்திரி எதுவும் அதில் இல்லை. உடற்பயிற்சிப் பழக்கம் குறைந்தவர்களாகப் பார்த்துத்தான் சேர்த்தார்கள்.

யஷ்வந்தபுரம் மார்க்கெட்டில் விடியற்காலை முதல் மூட்டை இறக்கும் தொழிலாளிக்கு இதே நோய் வந்தால் என்ன செய்வது? அவரும் மாலையில் 1 மணி நேரம் வேக நடை நடக்க வேண்டுமா? சுமக்கிற மூட்டையே போதுமா? அல்லது ஆபரேஷன் ஆன வயிற்றோடு மூட்டை தூக்குவதே கெடுதலா? அந்தக் கட்டுரையில் இதற்குப் பதில் இல்லை. இருக்கவும் முடியாது. அவரைப் போன்றவர்களை வைத்து அந்த ஆராய்ச்சி நடக்கவில்லை.

மருத்துவ ஏட்டில் எந்தக் கட்டுரை வந்தால் நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. எந்த மருந்து, எத்தனை தடவை, எத்தனை மாதம் என்று டாக்டர் எழுதித் தரும் சீட்டுக்குப் பின்னால் இப்படிப்பட்ட கட்டுரைகளே நிற்கின்றன. நம்மைப் பற்றிக் கட்டுரை இல்லாவிட்டால், மற்றவர் உடம்பை அளந்து தைத்த சட்டையைத்தான் நாம் போட்டுக்கொள்ள வேண்டும்.

நம் நோய் வேறு மாதிரி

உலக அளவில் 2022-ம் ஆண்டு சுமார் 19 லட்சம் பேருக்குப் புதிதாகப் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் வந்தது. சுமார் 9 லட்சம் பேர் இறந்தனர். இந்தியாவில் ஆண்டுக்கு 65 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வருகிறது. ஜனத்தொகையோடு ஒப்பிட்டால் மேல்நாடுகளைவிட இது குறைவு. அதனாலேயே 'இது வெள்ளைக்காரர் நோய்' என்ற எண்ணம் வெகுகாலம் இருந்தது.

பம்பாய் டாட்டா நினைவு ஆஸ்பத்திரி டாக்டர்கள் 2013-14-ல் தங்களிடம் வந்த 800 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 2017-ம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நோயாளிகளின் சராசரி வயது 47! அமெரிக்காவில் இந்த நோய் கண்டுபிடிக்கப்படும் வயது 65-ஐத் தாண்டுகிறது. பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் வயதில், சம்பாதிக்கும் வயதில் நம்மவர்களுக்கு வருகிறது.

இன்னொன்றும் தெரிந்தது. முத்திரை மோதிரம் போன்ற வடிவில் செல்கள் தோன்றும் முரட்டு வகைப் புற்றுநோய் மேல்நாடுகளில் 100-க்கு ஒருவர் என்ற அளவில் இருக்க, இங்கே 8 பேரில் ஒருவருக்கு இருந்தது. மலத்தில் ரத்தம் போவதுதான் அதிகம் பேர் சொன்ன அறிகுறி. ரத்தத்தைக் கண்டதும் 'மூலம்' என்று தாமாகவே முடிவு கட்டி, 'மூலம், பௌத்திரம்' போர்டு பார்த்துப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ரத்தம் போகும் எல்லோருக்கும் புற்றுநோய் இல்லை. ஆனால் பரிசோதிக்காமல் சொல்ல முடியாது.

அந்த 800 பேரின் கேஸ் ஷீட்டுகளும் ரிக்கார்டு ரூமில் கட்டுக் கட்டாகக் கிடந்திருந்தால் இந்த உண்மை வெளிவந்திருக்குமா?

பெங்களூரிலும் விவரங்களுக்குப் பஞ்சமில்லை. ஓசூர் ரோட்டில் கித்வாய் புற்றுநோய் நிலையம் 1973-ம் ஆண்டு முதல் இயங்குகிறது. நகரில் யாருக்கு எந்தப் புற்றுநோய் வந்தது என்று பதியும் பதிவேடு 1982-ம் ஆண்டு அங்கே தொடங்கியது. அதே ஆண்டு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் நிறுவிய சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்திலும் தொடங்கியது. நாடு முழுவதுக்குமான புற்றுநோய்ப் பதிவேடுகளைத் தொகுக்கும் மத்திய நிலையமும் பெங்களூரில்தான் இருக்கிறது. ஆனால் பதிவேடு வேறு, ஆராய்ச்சிக் கட்டுரை வேறு. எத்தனை பேருக்கு நோய் வந்தது என்று பதிவேடு சொல்லும். எந்தச் சிகிச்சை யாருக்குப் பலித்தது என்பதைக் கட்டுரைதான் சொல்லும்.

ஒரு கட்டுரையின் பயணம்

டாக்டர் எழுதி அனுப்பியதும் கட்டுரை அச்சாகிவிடாது. முதலில் ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் கமிட்டி அனுமதி தர வேண்டும். புதுச் சிகிச்சையைச் சோதிப்பதானால், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பொதுப் பதிவேட்டில் பதிய வேண்டும். இந்தியாவில் இதற்கான பதிவேடு 2007-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. முடிவு சாதகமாக வந்தால் வெளியிட்டு, பாதகமாக வந்தால் அமுக்கிவிடும் வேலை நடக்கக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

பிறகு கட்டுரை ஏட்டுக்குப் போகிறது. பார்சல் ஆபீசில் சரக்கை ஒப்படைத்தால் ரசீது எண் கிடைப்பது போல, கட்டுரைக்கும் ஓர் எண் கிடைக்கும். ஒரே சரக்கை இரண்டு ரசீதில் அனுப்ப முடியாது அல்லவா? அதுபோல ஒரே கட்டுரையை ஒரே சமயத்தில் இரண்டு ஏடுகளுக்கு அனுப்பக் கூடாது.

ஏட்டின் ஆசிரியர் அதை அதே துறையில் தேர்ந்த இரண்டு, மூன்று பேருக்கு அனுப்புவார். இவர்களுக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. இவர்கள் எழுப்பும் கேள்விகளைப் பார்த்தால் ஆடிட் ஆபீஸ் ஆட்சேபணை தோற்றுவிடும். 'இந்த 40 பேரை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை? 3-வது அட்டவணையில் கூட்டல் பொருந்தவில்லையே?' ஒவ்வொன்றுக்கும் பதில் எழுத வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். பல கட்டுரைகள் திரும்பி வரும். வேறு ஏட்டுக்கு அனுப்பி மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்தச் சல்லடை அவசியம் என்பதை மறுப்பதற்கில்லை. தவறான கட்டுரையை நம்பித் தவறான மருந்து கொடுத்தால் போவது உயிர்.

பணம் என்ற சுவர்

தரத்தில் தேறினாலும் இன்னொரு சுவர் இருக்கிறது. முன்பெல்லாம் ஏட்டைப் படிப்பவர்தான் சந்தா கட்டினார். இப்போது பல ஏடுகள் யாரும் இலவசமாகப் படிக்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டு, கட்டுரை எழுதியவரிடம் பணம் வாங்குகின்றன. 2 ஆயிரம், 3 ஆயிரம் டாலர் சாதாரணம். நம் பணத்தில் 2 லட்ச ரூபாயை ஒட்டியும் அதற்கு மேலும் வருகிறது. 'நேச்சர்' என்ற புகழ்பெற்ற ஏடு 2020-ம் ஆண்டு அறிவித்த கட்டணம் 9,500 யூரோ. ஏழை நாடுகளுக்குச் சலுகை உண்டு. ஆனால் நாட்டின் மொத்த வருமானம் பெரிது என்பதால் இந்தியா அந்தப் பட்டியலில் பெரும்பாலும் சேர்வதில்லை. அரசு ஆஸ்பத்திரி டாக்டர் இந்தத் தொகைக்கு எங்கே போவார்? எழுதியவரிடம் பணம் கேட்காத ஏடுகளும் உண்டு. அங்கே இடத்துக்குப் போட்டி அதிகம்.

எழுதாதவர்களும் போலிகளும்

பழியை வெளிநாட்டு ஏடுகள் மீது மட்டும் போடுவது நியாயமல்ல. டெல்லி குடல் அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் சமிரன் நந்தியும் அவரது சகாக்களும் 2016-ம் ஆண்டு ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 2005 முதல் 2014 வரை 579 மருத்துவக் கல்லூரிகளிலும் நிலையங்களிலும் 332-ல் இருந்து ஒரு கட்டுரைகூட வரவில்லை. ஆண்டுக்கு 100-க்கு மேல் கட்டுரை தந்தவை 25 மட்டுமே. நோயாளிகள் கூட்டம் அலைமோதும் நாட்டில் இது வெட்கப்பட வேண்டிய கணக்கு. அந்தக் கூட்டமே எழுத நேரமில்லாமல் செய்கிறது என்பதும் உண்மை.

பதவி உயர்வுக்கு இத்தனை கட்டுரைகள் வேண்டும் என்று அன்றைய மருத்துவ கவுன்சில் விதி வைத்தது. 2015-ம் ஆண்டு சுற்றறிக்கை விட்டு அதை இறுக்கியது. நோக்கம் நல்லது. விளைவு? காசு கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு அச்சிடும் போலி ஏடுகளுக்கு வியாபாரம் பெருகியது. ஐதராபாத்தைச் சேர்ந்த 'ஓமிக்ஸ்' நிறுவனம் ஆராய்ச்சியாளர்களை ஏமாற்றியதாக அமெரிக்க அரசு வழக்குப் போட்டது. 2019-ம் ஆண்டு அமெரிக்க கோர்ட்டு 5 கோடி டாலருக்கும் அதிகமாகக் கட்டும்படி உத்தரவிட்டது.

பல்கலைக்கழக மானியக் குழு 2018-ம் ஆண்டு தன் பட்டியலிலிருந்து 4,305 ஏடுகளை நீக்கியது. பின்னர் கொண்டுவந்த புதுப் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டு, தரம் பார்க்கும் பொறுப்பைக் கல்வி நிலையங்களிடமே விட்டுவிட்டது. வேலியை எடுத்துவிட்டு 'பயிரைப் பார்த்துக்கொள்' என்று சொன்னது போலாயிற்று.

மத்திய மந்திரிசபை 2024 நவம்பரில் ஒரு நல்ல முடிவு எடுத்தது. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம். 2025, 2026, 2027 ஆகிய 3 ஆண்டுகளுக்கு 6 ஆயிரம் கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் சுமார் 13 ஆயிரம் ஏடுகளை 6,300 அரசுக் கல்வி, ஆராய்ச்சி நிலையங்களில் படிக்கலாம். சிறு ஊர் அரசுக் கல்லூரி மாணவருக்கு இது பெரிய வரம். ஆனால் திட்டத்தின் முக்கிய நோக்கம் மற்றவர் எழுதியதை நாம் படிப்பது. நாம் எழுதியதை மற்றவர் படிக்கவும் வழி செய்ய வேண்டும். அரசு ஆஸ்பத்திரியிலிருந்து தரமான ஏட்டில் தேறும் ஒவ்வொரு கட்டுரைக்கும் கட்டணத்தை அரசே ஏற்க வேண்டும். புள்ளிவிவரக் கணக்குப் பார்க்க ஆள் தர வேண்டும். எத்தனை கட்டுரை என்று எண்ணுவதை விட்டு, என்ன எழுதினார் என்று பார்த்துப் பதவி உயர்வு தர வேண்டும்.

நோயாளியின் பங்கு

இதில் நோயாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் வேலை இருக்கிறது.

குடல் புற்றுநோய்க் கட்டுரையில் முக்கியமான கேள்வி, 5 ஆண்டுக்குப் பிறகு எத்தனை பேர் உயிருடன் இருக்கிறார்கள் என்பது. நம்மவர்கள் சிகிச்சை முடிந்ததும் தர்மபுரிக்கோ, திருப்பத்தூருக்கோ, கோலார் தங்கவயலுக்கோ போய்விடுகிறார்கள். வீடு மாறுகிறது. போன் நம்பர் மாறுகிறது. ஆஸ்பத்திரிக் குறிப்பில் 'தொடர்பில் இல்லை' என்று எழுதப்படுகிறது. அவர் நலமாக இருக்கிறாரா, இறந்தாரா தெரியாது. இப்படிக் காணாமல் போனவர்கள் அதிகமானால் கட்டுரை பரிசீலனையில் நிற்காது.

கட்டுரை கிடக்கட்டும், செக்-அப்புக்கு வருவது முதலில் அவர் உயிருக்கே நல்லது. இந்த நோய் திரும்பினால் பெரும்பாலும் முதல் 2, 3 ஆண்டுகளில்தான் திரும்புகிறது. சீக்கிரம் கண்டால் வழி உண்டு. பயணச் செலவுக்குப் பயந்து வராமல் இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சிகிச்சைக்கும் செக்-அப்புக்கும் போகும் புற்றுநோயாளிக்கு ரெயிலில் ஸ்லீப்பர் வகுப்பிலும் 3-அடுக்கு ஏ.சி.யிலும் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. உடன் செல்லும் ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. 2020-ம் ஆண்டு பல சலுகைகள் நிறுத்தப்பட்டபோதும் இது நிறுத்தப்படவில்லை. உரிய படிவத்தில் ஆஸ்பத்திரி சான்றிதழ் வாங்கி ரிசர்வேஷன் கவுண்டரில் கொடுத்தால் போதும்.

ஆராய்ச்சியில் சேரச் சொன்னால் பயப்படவும் வேண்டாம், படிக்காமல் கையெழுத்துப் போடவும் வேண்டாம். உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017-ம் ஆண்டு நெறிமுறை சொல்கிறது. கன்னடமோ ஆங்கிலமோ படிக்கத் தெரியாதவர், 'தமிழில் சொல்லுங்கள்' என்று கேட்கலாம். அது உரிமை. மறுத்தாலும், பாதியில் விலகினாலும், வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது. பெயர் அச்சாகாது. புது மருந்துச் சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் நஷ்டஈடும் உண்டு என்று 2019-ம் ஆண்டு விதிகள் கூறுகின்றன.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, கேஸ் ஷீட்டில் இருக்கும் விலாசமும் போன் நம்பரும் சரிதானா என்று கேட்டுத் திருத்திவிட்டு வாருங்கள். ஊரில் இருக்கும் அண்ணன் நம்பரையோ மகள் நம்பரையோ கூடவே கொடுங்கள். டாக்டர் எழுதுவாரா, அரசு பணம் தருமா என்பது நம் கையில் இல்லை. எழுத உட்காரும் டாக்டருக்கு நம்மைப் பற்றிய விவரம் முழுதாகக் கிடைக்கச் செய்வது நம் கையில் இருக்கிறது.