கண்மணி சொல்லாத சேதி

கண்ணைப் பார்த்தே உடம்பில் உள்ள நோயையெல்லாம் சொல்லிவிட முடியும் என்றால், ஏலத்தோட்டத் தொழிலாளிக்கு அதைவிட வசதி வேறு இல்லை. இடுக்கி மாவட்டம் சக்குபள்ளம் போன்ற மலையூர்களிலிருந்து ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் என்று கிளம்பினால் குமுளிக்கோ கட்டப்பனைக்கோ போக வேண்டும். இல்லையென்றால் மலையிறங்கித் தேனிக்கு. அன்றைய கூலி போனதுதான். 'இரிடாலஜி' என்ற மாற்று மருத்துவ முறை இத்தகையவர்களுக்குத்தான் ஆசை காட்டுகிறது. ஊசி இல்லை, ரத்தம் எடுப்பதில்லை. டார்ச் அடித்து, லென்ஸ் வழியாகக் கண்மணியைச் சுற்றியுள்ள நிற வளையமான ஐரிஸைப் பார்க்கிறார் வைத்தியர். சில நிமிடங்களில் தீர்ப்பு தயார்: கல்லீரல் பலவீனம், சிறுநீரகத்தில் கோளாறு.

இந்த முறை பிறந்தது 19ஆம் நூற்றாண்டு ஹங்கேரியில். இக்னாஸ் வான் பெக்ஸேலி என்பவர் சிறுவனாக இருந்தபோது ஓர் ஆந்தையின் கால் முறிந்ததாம். அதன் கண்ணில் கரும்புள்ளி ஒன்று தெரிந்ததாம். அங்கிருந்து வளர்ந்ததுதான் ஐரிஸ் வரைபடம். கடிகார முகம்போல் பிரிக்கப்பட்ட அதில் 12 மணிப் பக்கம் மூளை, 6 மணி அருகே சிறுநீரகம். வலது கண் வலப்பக்க உடலுக்கு, இடது கண் இடப்பக்கத்துக்கு. 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்கரான பெர்னார்ட் ஜென்சன் இதைப் பிரபலமாக்கினார்.

சோதனையில் இது தேறியதா? 1979இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 143 பேரின் கண் படங்கள் ஜென்சன் உட்பட மூன்று இரிடாலஜி நிபுணர்களிடம் கொடுக்கப்பட்டன. சிறுநீரகம் பழுதானவர்கள் யார் என்று சொல்ல வேண்டும். ஒரு நிபுணர், நல்ல சிறுநீரகம் உள்ளவர்களில் 88 சதவிகிதம் பேரை நோயாளிகள் என்றார். இன்னொருவர் டயாலிசிஸ் தேவைப்படும் நிலையில் இருந்தவர்களிலேயே 74 சதவிகிதம் பேருக்கு ஒன்றுமில்லை என்றார். 2005இல் வெளியான ஜெர்மன் ஆய்வில் 110 பேரில் 68 பேருக்குப் புற்றுநோய் இருந்தது. சரியாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் மூன்றே பேர்.

ஆய்வெல்லாம் எதற்கு என்பவர்களின் சட்டைப் பையிலேயே ஒரு சாட்சி இருக்கிறது: ஆதார் அட்டை. 2010 முதல் ஆதாருக்காகக் கோடிக்கணக்கான இந்தியர்களின் கண்கள் பதிவாகியுள்ளன. ஐரிஸின் இழையமைப்பு ஆளுக்கு ஆள் வேறுபடும், வாழ்நாளில் பெரும்பாலும் மாறாது என்ற நம்பிக்கையில்தான் அந்த ஏற்பாடே நடக்கிறது. கல்லீரல் கெட்டால் ஒரு கோடு, குடல் கெட்டால் ஒரு புள்ளி என்று ஐரிஸ் மாறிக்கொண்டே இருந்தால் ரேஷன் கடையில் எந்த நோயாளியையும் இயந்திரம் அடையாளம் காணாது.

கண்ணில் நோய் தெரியவே தெரியாது என்பதல்ல. வெண்விழி மஞ்சளானால் காமாலை; கீழ் இமையின் உட்புறம் வெளுத்தால் ரத்தசோகை. சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் விழியும் ஒன்று. ஆனால் நாடி, நா, நிறம் முதலான மற்ற ஏழோடு சேர்த்தே அது பார்க்கப்படுகிறது. சர்க்கரை நோய் விழித்திரையின் ரத்தக்குழாய்களைக் கெடுப்பதை கண் டாக்டர் நேரில் பார்க்கிறார். தேனியிலுள்ள அரவிந்த் கண் மருத்துவமனையிலும் இதற்கான பரிசோதனை உண்டு. இவை எல்லாம் உடலில் நடக்கும் மாற்றம் கண்ணை எப்படி எட்டுகிறது என்று காரணம் சொல்லக்கூடியவை. ஐரிஸின் 6 மணிப் புள்ளிக்கும் சிறுநீரகத்துக்கும் அப்படி ஒரு வழி இதுவரை காட்டப்படவில்லை.

டார்ச் வெளிச்சத்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. கெடுதல் அதற்குப் பிறகுதான். இல்லாத நோய்க்கு மாதக்கணக்கில் மருந்து வாங்கினால் பணம் போகும். இருக்கும் நோயை 'ஒன்றுமில்லை' என்று நம்பினால் காலம் போகும். 'சிறுநீரகம் சரியில்லை' என்று யாராவது கண்ணைப் பார்த்துச் சொன்னால், மருந்து வாங்கும் முன் கிரியேட்டினின் என்ற ரத்தப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் செய்துகொள்வது நல்லது. அதற்காக ஒரு நாள் கூலி போனாலும் நஷ்டமில்லை.