கொடி நிறையப் பூ... காயை மட்டும் காணோம்!

கேள்வி: “வீட்டில் பேஷன் ஃப்ரூட் கொடி வைத்து இரண்டு வருடங்கள் ஆகின்றன. மாடி வரை ஏறிவிட்டது. தினமும் பத்துப் பதினைந்து பூக்கள் மதியத்துக்கு மேல் விரிந்து, மறுநாள் உதிர்ந்துவிடுகின்றன. இதுவரை ஒரு காய்கூட நிற்கவில்லை. துணைக்கு இருக்கட்டும் என்று அதே கொடியில் தண்டு வெட்டி இன்னொன்றும் வைத்தோம். அதுவும் அப்படியேதான் இருக்கிறது. ‘வெட்டிவிட்டுப் பீர்க்கன் போடு’ என்கிறார் மாமியார். என்ன செய்யலாம்?”

- வாசகி, ஆவடி.

பதில்: அவசரப்பட்டு வெட்ட வேண்டாம். கொடி ஆரோக்கியமாகத்தான் இருக்கிறது. அதற்கு ஜோடி இல்லாததுதான் குறை.

கொடைக்கானல், நீலகிரி பக்கம் ‘தாட்பூட் பழம்’ என்றும், இலங்கைத் தமிழர்களிடம் ‘கொடித்தோடை’ என்றும் வழங்கப்படும் இந்தப் பழத்தில் ஊதா, மஞ்சள் என்று இரண்டு வகைகள் முக்கியமானவை. ஊதா வகை மலைக் குளிரில் நன்றாகக் காய்க்கும். அதன் பூ காலையிலேயே விரிந்துவிடும். ஒற்றைக் கொடியாக இருந்தாலும் காய் பிடிக்கும். மஞ்சள் வகைதான் சமவெளி வெயிலைத் தாங்கும். வாடல் நோயையும் வேர் நூற்புழுவையும் ஓரளவு தாங்கி நிற்கும். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி போன்ற பகுதிகளுக்கு ஏற்றது இதுதான். இதன் பூ நண்பகலில் விரிந்து இரவில் மூடும். வாசகி சொல்லும் அடையாளம் இதற்குப் பொருந்துகிறது.

மஞ்சள் வகையில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு கொடியின் மகரந்தம் அதே கொடியின் பூவில் பட்டால் பெரும்பாலும் காய் பிடிக்காது. தண்டு வெட்டி வைத்த இரண்டாவது கொடியும் முதல் கொடியின் நகல்தான். அதனால் அதை ஜோடியாகக் கணக்கில் எடுக்க முடியாது.

சோதித்துப் பார்க்கலாம்

வேறு இடத்தில் நாற்று வாங்கிய தெரிந்தவர் வீட்டில் மஞ்சள் வகைக் கொடி இருந்தால், அன்று விரிந்த இரண்டு மூன்று பூக்களைப் பறித்து ஒரு டப்பாவில் கொண்டு வரலாம். பூவின் நடுவே மஞ்சள் தூளோடு ஐந்து மகரந்தப்பைகள் இருக்கும். அதற்கு மேலே மூன்று கைகள் போல இருப்பவை சூல்முடிகள். அவற்றின் நுனியில் மகரந்தத்தைத் தடவ வேண்டும். பூ விரிந்தவுடன் நிமிர்ந்து நிற்கும் இந்தக் கைகள் ஒரு மணி நேரம் போல ஆனதும் கீழே வளையும். வளைந்த பிறகு தடவுவதே சரி. கடைசி வரை வளையாத பூக்களில் காய் பிடிக்காது, அவற்றை விட்டுவிடலாம்.

பகல் 2 மணி முதல் 4 மணிக்குள் இதைச் செய்யலாம். மகரந்தம் நனைந்தால் வெடித்து வீணாகிவிடும் என்பதால், மழை வரும் நாளில் செய்தும் பயனில்லை. தடவிய பூக்களில் நூல் கட்டி வைத்தால், ஒரு வாரத்தில் அடி பருத்திருப்பது தெரியும். அப்படிப் பருத்தால் ஜோடி இல்லாததுதான் பிரச்னை என்று உறுதியாகிவிடும்.

நிரந்தரத் தீர்வு

வேறு தாய்க்கொடியின் பழத்திலிருந்து விதை எடுத்து, சதையைக் கழுவி நீக்கிவிட்டு உடனே விதைக்கலாம். காய வைத்துப் பழசான விதை முளைக்க அதிக நாட்கள் ஆகும். இரண்டு மூன்று நாற்றுகளாக வைத்துக்கொள்வது நல்லது. பெரும்பாலும் ஒரு வருடத்தை ஒட்டிப் பூக்கத் தொடங்கும்.

மகரந்தத்தை மாற்றும் வேலையைச் சாதாரணத் தேனீக்களால் சரியாகச் செய்ய முடியாது. பெரிய பூ என்பதால், உடம்பு சிறுத்த தேனீ மகரந்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடும். ரீங்காரமிட்டு வரும் பெரிய கரு வண்டுதான் இதற்கு ஏற்றது. அது காய்ந்த மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும். பட்ட முருங்கைக் கட்டையோ, காய்ந்த மூங்கிலோ தோட்டத்து மூலையில் கிடந்தால், விறகுக்கு எடுக்காமல் விட்டு வைக்கலாம். பூச்சிக்கொல்லி தெளித்தால் இந்த வண்டும் வராது.

மழைக்காலம்தான் சோதனை

வெயிலைத் தாங்கும் இந்தக் கொடியால் தேங்கும் தண்ணீரைத் தாங்க முடியாது. அம்பத்தூர் ஏரி, பருத்திப்பட்டு ஏரி, செம்பரம்பாக்கம் ஏரி என்று ஏரிகள் சூழ்ந்த பகுதி இது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் நாள் கணக்கில் நின்ற தெருக்கள் பல. வேர் மூழ்கினால் அழுகல் நோய் வந்து கொடி காய்ந்துவிடும்.

அதனால் தை மாதத்தில் நடவு செய்தால், ஐப்பசிக்குள் வேர் பிடித்துவிடும். ஒன்றரை அடி குழி எடுத்து, மேல்மண்ணோடு மட்கிய தொழுவுரம் 10 கிலோ, வேப்பம் பிண்ணாக்கு அரை கிலோ கலந்து நிரப்பி, தரையைவிட ஓர் அடி உயரத்துக்கு மேடு கட்டி நட வேண்டும். தண்டைச் சுற்றித் தண்ணீர் நிற்கக் கூடாது. பீர்க்கன், புடலைக்குப் போடுவது போலப் பந்தல் போதும். புதிய கிளைகளில்தான் பூ வரும் என்பதால், காய்ப்பு ஓய்ந்ததும் பழைய கொடிகளைக் கவாத்து செய்ய வேண்டும். ஒரேயடியாக அடியோடு வெட்டிவிடக் கூடாது. வெட்டிய கொடியை ஆடு, மாடுகளுக்குப் போட வேண்டாம். இலையிலும் பச்சைக் காயிலும் சயனைடை வெளியிடும் பொருள் உண்டு. மனிதர்களும் பழுத்ததை மட்டுமே சாப்பிட வேண்டும்.

காய் பிடித்து இரண்டு முதல் இரண்டரை மாதங்களில் பழம் தானாக உதிரும். தினமும் பொறுக்கிக்கொண்டால் போதும். தோல் சுருங்கிய பழத்தைக் கெட்டுவிட்டது என்று எறிய வேண்டாம். அதில்தான் புளிப்பு குறைந்திருக்கும்.

விற்பனைக்காக ஏக்கர் கணக்கில் போட நினைப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். குடகு மாவட்டம் செட்டள்ளியில் உள்ள மத்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம், ஊதாவையும் மஞ்சளையும் இணைத்து உருவாக்கிய ‘காவேரி’ ரகம் மலைப்பகுதிகளுக்கே ஏற்றது. இந்தப் பகுதியில் வீட்டுத் தேவைக்கு மூன்று கொடிகளோடு தொடங்கி, ஒரு மழைக்காலம் தாண்டிய பிறகு முடிவு செய்யலாம். திருவள்ளூர் மாவட்ட விவசாயிகள், திரூர் வேளாண்மை அறிவியல் நிலையத்தில் மண்ணுக்கும் தண்ணீருக்கும் ஏற்ற ஆலோசனை கேட்டுக்கொள்ளலாம்.

வாசகியின் மாமியார் கேட்கும் பீர்க்கனுக்கும் இடமிருக்கிறது. தண்டு வெட்டி வைத்த இரண்டாவது கொடியை எடுத்துவிட்டு, அங்கே பீர்க்கன் போடலாம். தாய்க்கொடி மட்டும் இருக்கட்டும்.