எட்டு நாள் மட்டும் யூதக் குழந்தை

அமெரிக்கப் புத்தகக் கடைகளில் டிசம்பர் வந்தால் ஒரு வேடிக்கை நடக்கும். குழந்தைகள் பகுதியில் கிறிஸ்துமஸ் படப்புத்தகங்கள் மலையாகக் குவிந்திருக்கும். பக்கத்தில் ஒரு சின்ன வரிசையில் ஹனுக்கா படப்புத்தகங்கள். எட்டு நாள் ஏற்றும் விளக்கு, எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கு லாட்கே, நான்கு முகப் பம்பரம். ஜனவரி பிறந்ததும் இரண்டையும் எடுத்து உள்ளே வைத்துவிடுவார்கள். கிறிஸ்தவக் குழந்தைக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. மிச்சம் பதினோரு மாதமும் கடையில் இருக்கிற புத்தகங்களில் அது பள்ளிக்கூடம் போகும், பல் விழும், நாய்க்குட்டி கேட்டு அடம்பிடிக்கும். யூதக் குழந்தை? பெரும்பாலும் அடுத்த டிசம்பர் வரைக்கும் லீவு!

இதைப் பன்முகக் கலாச்சாரக் கொண்டாட்டம் என்கிறார்கள். கொண்டாட்டமும் இல்லை, மண்ணும் இல்லை. இது சுத்தமான சீசன் வியாபாரம்.

ஏன் என்று பார்ப்போம். யூத நாட்காட்டியில் ஹனுக்கா அப்படியொன்றும் பெரிய பண்டிகை அல்ல. அன்றைக்கு வேலை செய்யக்கூடாது என்ற கட்டாயம்கூடக் கிடையாது. பெசாக், ரோஷ் ஹஷனா, யோம் கிப்பூர் எல்லாம் அதைவிடப் பல படி மேலே. வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போது தொடங்குகிற சப்பாத் ஓய்வுநாளோ வருடத்துக்கு 52 தடவை வருகிறது. ஆனாலும் படப்புத்தக அட்டையில் முன்னால் வந்து நிற்பது ஹனுக்காதான். ஏனென்றால் அது கிறிஸ்துமஸுக்குப் பக்கத்தில் வருகிறது. பரிசு வாங்குகிற மாதம் டிசம்பர். பர்ஸ் திறக்கிற நேரத்தில் சரக்கு கடையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, வேறு மாதிரி எழுத முடியாதா? முடியும் என்று 1951-லேயே காட்டிவிட்டார் சிட்னி டெய்லர். அவருடைய 'ஆல்-ஆஃப்-எ-கைண்ட் ஃபேமிலி' நாவலில் நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில் ஒரு ஏழை யூதக் குடும்பம், ஐந்து சகோதரிகள். கதை தொடங்குவதே ஒரு சிறுமி நூலகப் புத்தகத்தைத் தொலைத்துவிட்டு முழிப்பதில். தூசி துடைக்கச் சலித்துக்கொள்ளும் பிள்ளைகளுக்காக அம்மா அறையில் பட்டன்களை ஒளித்து வைப்பாள். இதற்கு நடுவே சப்பாத் வரும், பண்டிகைகள் வரும், போகும்.

இதே குடும்பம் 2018-ல் படப்புத்தகமாகவும் வந்தது. எழுதியவர் எமிலி ஜென்கின்ஸ், வரைந்தவர் பால் ஓ. ஸெலின்ஸ்கி. 365 நாளில் எந்த நாளை எடுத்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஹனுக்கா! நல்ல புத்தகம்தான், மறுப்பதற்கில்லை. எல்லோரும் லாட்கே வேலையில் இருக்க, சின்னவள் என்று ஒதுக்கப்படும் நான்கு வயது கெர்ட்டியின் கோபம்தான் அதற்கு உயிர். ஆனால் பட்டன் தேடுகிற அந்தச் சாதாரண நாளுக்கு ஏன் அட்டையில் இடமில்லை?

அமெரிக்கப் படப்புத்தகங்களின் வரலாற்றையே இதோடு சேர்த்துப் பாருங்கள். 1916-ல் புரூக்ளினில் போலந்து யூதப் பெற்றோருக்குப் பிறந்தவர் ஜேக்கப் எஸ்ரா கட்ஸ். யூத வெறுப்பைச் சமாளிக்க, போருக்குப் பிறகு எஸ்ரா ஜாக் கீட்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டார். 1962-ல் வந்த அவருடைய 'தி ஸ்னோயி டே'யில் பீட்டர் என்ற கறுப்பினச் சிறுவன் பனியில் விளையாடுகிறான். பண்டிகை இல்லை, போதனை இல்லை. பையில் பத்திரப்படுத்திய பனி உருண்டை கரைந்துபோனதுதான் அவனுடைய பெரிய சோகம். நியூயார்க் பொது நூலகம் 2020-ல் தன் வரலாற்றில் அதிகம் இரவல் போன புத்தகங்களைப் பட்டியல் போட்டபோது முதலிடம் இதற்குத்தான்.

அதே புரூக்ளினில் 1928-ல் பிறந்தவர் மாரிஸ் சென்டாக். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து கன்னத்தைக் கிள்ளி, தின்றுவிடுவேன் என்று கொஞ்சிய யூத உறவினர்கள்தான் 1963-ல் வந்த 'வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்' புத்தகத்தின் காட்டு ஜந்துக்கள் என்று அவரே பல தடவை சொல்லியிருக்கிறார்.

ஆக, பெயரை மாற்றிக்கொண்ட ஒரு யூதர் கறுப்பினக் குழந்தைக்கு ஒரு சாதாரண நாளைக் கொடுத்தார். இன்னொருவரின் அத்தையும் மாமாவும் கொம்பும் நகமும் வைத்துக்கொண்டுதான் புத்தகத்துக்குள் நுழைந்தார்கள். இன்றைக்கு மறைந்து வர வேண்டியதில்லை. ஆனால் கையில் விளக்கு இருந்தால்தான் உள்ளே விடுவோம் என்றால் அதுவும் ஒரு வேஷம்தானே?

டிசம்பர் வரிசையை விட்டால் மற்றக் குழந்தைகள் யூதர்களைச் சந்திக்கும் அடுத்த இடம் நாஜிப் படுகொலை பற்றிய புத்தகங்கள். அதைக் கட்டாயம் சொல்லிக்கொடுக்க வேண்டும், சந்தேகமே இல்லை. கொல்லப்பட்ட ஏறத்தாழ 60 லட்சம் யூதர்களில் சுமார் 15 லட்சம் பேர் குழந்தைகள். ஆனால் ஒரு யூதக் குழந்தை தம்பியோடு சண்டை போட்டதையும் பாட்டியிடம் செல்லம் கொஞ்சியதையும் ஒரு பக்கத்தில்கூடப் பார்க்காத வாசகக் குழந்தைக்கு, அங்கே பறிபோனது என்ன என்பது எப்படிப் புரியும்? வெறும் எண்ணிக்கைதான் புரியும்.

"பண்டிகை ஒரு வாசல்தானே, அது வழியாக உள்ளே போகட்டுமே" என்று சிலர் சப்பைக்கட்டு கட்டுவார்கள். வாசல் இருக்கட்டும், அதற்குப் பின்னால் வீடு இருக்கிறதா? பமேலா எரன்பெர்க் எழுதிய 'குவீன் ஆஃப் தி ஹனுக்கா தோசாஸ்' (2017) புத்தகத்தைப் பாருங்கள். நம்ம ஊர் தோசையேதான்! இந்திய-யூதக் குடும்பம் ஒன்று லாட்கேவுக்குப் பதில் தோசை சுட்டு ஹனுக்கா கொண்டாடுகிறது. ஆனால் கதையை இழுத்துக்கொண்டு போவது தோசையும் இல்லை, விளக்கும் இல்லை. எதைப் பார்த்தாலும் ஏறுகிற சேடி என்ற வாண்டும், அவளைச் சமாளிக்க முடியாத அண்ணனும்தான். விளக்கை அணைத்துவிட்டாலும் இந்தப் பிள்ளைகள் இருப்பார்கள். இதைத்தான் ஒவ்வொரு பண்டிகைப் புத்தகத்திடமும் கேட்க வேண்டும்.

பண்டிகையே இல்லாமலும் ஜெயிக்கலாம். சிம்ஸ் டபாக்கின் 'ஜோசஃப் ஹேட் எ லிட்டில் ஓவர்கோட்' ஒரு இத்திஷ் நாட்டுப்பாடலிலிருந்து வந்தது. பழைய கோட்டைச் சட்டையாக்கி, கழுத்துத்துணியாக்கி, கடைசியில் ஒரு பட்டன் வரைக்கும் வெட்டிக்கொண்டே போகும் ஆள்தான் கதை. 2000-ல் அமெரிக்காவின் உயர்ந்த படப்புத்தக விருதான கால்டெகாட் பதக்கம் அதற்குக் கிடைத்தது. சாதாரண நாள் விற்காது என்று யார் சொன்னது?

2005 முதல் பிஜே லைப்ரரி என்ற திட்டம் யூதக் குடும்பங்களுக்கு மாதாமாதம் இலவசமாகப் புத்தகம் அனுப்புகிறது. மாதாமாதம் என்றால் டிசம்பரை மட்டும் நம்பியிருக்க முடியாது. நல்ல ஏற்பாடு. ஆனால் அது போய்ச் சேருவது யூத வீடுகளுக்கு. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு யார் கொடுப்பது? அது பொது நூலகமும் பள்ளிக்கூடமும் செய்ய வேண்டிய வேலை. ஹனுக்காப் புத்தகத்தை வருடத்துக்கு ஒருமுறை மேசையில் பரப்பிவிட்டு, கடமை முடிந்தது என்று கைகழுவிக்கொள்ளும் நூலகர்களும் ஆசிரியர்களும் மார்ச் மாதத்தில் ஒரு நாள் தங்கள் அலமாரியைத் திறந்து பார்க்கட்டும். அதில் யூதக் குழந்தை ஒன்றாவது பல் விழுந்து அழுதுகொண்டிருக்கிறதா?