தேய்மானமா, கோளாறா? அளந்து சொல்லட்டும்!

புதுக் கார் வாங்கி ஓராண்டுகூட ஆகியிருக்காது. நெடுஞ்சாலையில் பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் கையில் நடுங்குகிறது. காலடியில் மிதி துடிக்கிறது. வாரண்டி இருக்கிறதே என்று நம்பிச் சர்வீஸ் நிலையத்துக்குப் போனால், கவுண்டரில் இருப்பவர் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கும் முன்பே ஒரே வார்த்தையில் காரியத்தை முடித்து விடுகிறார்: "இது தேய்மானம். வாரண்டியில் வராது."

இந்த ஒரு வார்த்தைக்கு மறுவார்த்தை சொல்லத் தெரியாமல், சில நூறு வெள்ளியைக் கடன் வாங்கிக் கட்டிவிட்டுத் திரும்பும் தோழர்கள் நம்மிடையே பலர் உண்டு. பஸ் எட்டிப் பார்க்காத தோட்டத்தில் கார் என்பது ஆடம்பரமல்ல. பிள்ளையைப் பள்ளிக்கும், பிரசவத்துக்கு நிற்கும் பெண்ணை ஆஸ்பத்திரிக்கும் கொண்டு சேர்ப்பது அதுதான். 2025-ஆம் ஆண்டில் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி என்று உயர்த்தப்பட்டது உண்மை. ஆனால் கார்த் தவணையும் பெட்ரோலும் மளிகைக் கடனும் போன பிறகு, அந்தச் சம்பளத்தில் பிரேக்குக்கென்று எடுத்து வைக்க என்ன மிஞ்சும்? பணம் இல்லையென்று நடுங்கும் பிரேக்கோடு ஓட்டினாலோ, பணயம் வைக்கப்படுவது குடும்பத்தின் உயிர். ஆகவே இதனை யாரோ சிலருடைய சொந்தத் தொல்லை என்று ஒதுக்கிவிட நமக்கு மனமில்லை.

நாம் கேட்பது சலுகையல்ல. "தேய்மானம்" என்று சொல்கிறவர் அதை அளந்து காட்டட்டும் என்பதே நமது கட்சி.

டிஸ்க் தேய்வதும் நடுங்குவதும்

சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்புத் தட்டுத்தான் பிரேக் டிஸ்க். ரோட்டர் என்றும் சொல்வார்கள். பிரேக்கை மிதித்ததும் கேலிப்பர் என்னும் பிடி, இரண்டு பக்கமும் உள்ள பேடுகளைக் கொண்டு அந்தத் தட்டை இறுக்குகிறது. உராய்வில் வண்டியின் வேகம் சூடாக மாறுகிறது, வண்டி நிற்கிறது. பேடும் தேயும், தட்டும் தேயும். ஆனால் முதலில் தேய்ந்து போக வேண்டியது பேடு. தட்டு அதைவிட நெடுங்காலம் தாங்கும்படியே செய்யப்படுகிறது.

அது எவ்வளவு தேயலாம் என்பதும் ஊகமல்ல. இதற்குமேல் மெலிந்தால் கழித்துவிட வேண்டும் என்ற மிகக் குறைந்த கனம் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உண்டு. பெரும்பாலும் அந்த எண் டிஸ்க்கின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். மைக்ரோமீட்டர் கொண்டு அளந்தால் ஐந்து நிமிஷத்தில் உண்மை வெளிப்படும். கனம் அந்த எல்லையை நெருங்கியிருந்தால் அது தேய்மானந்தான். நாம் வழக்காட மாட்டோம். கனம் ஏறக்குறையப் புதிதாகவே இருக்க, வண்டி மட்டும் நடுங்கினால் தேய்ந்து போனது எது? இதற்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

நடுக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் டிஸ்க் மெலிந்து போனதல்ல. ஓரிடத்தில் கனமாகவும் ஓரிடத்தில் மெல்லியதாகவும் ஆகிவிட்டதே. ஒரு மில்லிமீட்டரை நூறு பங்காக்கினால் அதில் இரண்டு பங்கு வித்தியாசமே ஸ்டியரிங்கை ஆட்டப் போதும். "சூட்டில் டிஸ்க் வளைந்துவிட்டது, நீர் ஓட்டிய முறை சரியில்லை" என்று வழக்கமாகச் சொல்லும் வார்த்தையையும் அப்படியே நம்பிவிட வேண்டியதில்லை. தட்டு உண்மையில் வளைந்து போவது அபூர்வம்.

இந்த வித்தியாசம் எப்படி வருகிறது? டிஸ்க் உட்காரும் முகப்பில் துரு இருக்க, அதைச் சுத்தம் செய்யாமலே மாட்டிவிடுவதால் வரலாம். காற்றுத் துப்பாக்கியால் சக்கர நட்டுகளை ஒன்றை அதிகமாகவும் ஒன்றைக் குறைவாகவும் முடுக்கிவிடுவதால் வரலாம். இவ்விரண்டிலும் டிஸ்க் நேராக ஓடாமல் சிறிது ஆடும். ஆடிய இடம் பேடில் உரசி உரசி, சில ஆயிரம் கிலோமீட்டரில் கனம் மாறிவிடும். கேலிப்பரின் ஊசி இறுகிப் பேடு விலகாமல் ஒட்டிக்கொண்டே இருப்பதாலும் வரலாம். சூடேறிய பேடின் பொருள் தட்டின்மேல் திட்டுத் திட்டாய் ஒட்டிக்கொள்வதாலும் வரலாம்.

துருவும் நட்டும் வேலை செய்தவரின் கை. கேலிப்பர் இறுகியது பொருளின் கோளாறு; டிஸ்க் வாரண்டியில் இல்லையென்றாலும் கேலிப்பர் பெரும்பாலும் இருக்கும். பேடு ஒட்டியது ஓட்டியவர் பிழையாகவும் இருக்கலாம், பேடின் தரமாகவும் இருக்கலாம். இத்தனை காரணங்களையும் தேய்மானம் என்ற ஒரே சாக்கில் கட்டிப் போடுவது நியாயமா?

பால் நிறுக்கும்போது தராசின் முள்ளைப் பார்க்காமல் நம்மில் யாராவது கணக்கை ஒப்புக்கொள்வோமா? பட்டையில் காயம் என்று சொன்னால், எந்த மரம், எந்த வெட்டு என்று கேட்காமல் விடுவோமா? அங்கே கேட்கத் தெரிந்த நாம் சர்வீஸ் நிலையத்தின் கண்ணாடிக் கதவைக் கண்டதும் ஏன் வாயடைத்துப் போக வேண்டும்?

அண்மையில் நமக்குத் தெரிய வந்த ஒரு காரியத்தைச் சொல்கிறோம். எட்டு மாதத்துக் கார். பதின்மூவாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை. நடுக்கம் என்று கொண்டு போனவரிடம் தேய்மானம் என்று சொல்லிப் பேடுகளை மாற்றி, காசும் வாங்கிக்கொண்டார்கள். மூன்றே வாரத்தில் நடுக்கம் திரும்பி வந்தது. இம்முறை அவர் சத்தம் போடவில்லை. "டிஸ்க்கின் கனம் எவ்வளவு, ஆட்டம் எவ்வளவு என்று அளந்து இந்தத் தாளில் எழுதிக் கொடுங்கள்" என்று மட்டும் கேட்டார். அளந்து பார்த்தால் கனம் புதிது போலவே இருந்தது. ஒரு பக்கத்துக் கேலிப்பர் ஊசி இறுகிக் கிடந்தது. கேலிப்பரும் டிஸ்க்கும் இலவசமாக மாற்றப்பட்டன. முதல் நாளே அளந்திருந்தால் அவருக்குப் பணமும் மிச்சம், மூன்று வாரத்துப் பயமும் மிச்சம்.

நம் பக்கத்து நியாயமும் சுத்தமாக இருக்க வேண்டும்

உரிமை கேட்கிறவன் கடமையையும் அறிந்திருக்க வேண்டும். மழை இரவு கழிந்து காலையில் டிஸ்க்கின்மேல் தெரியும் மெல்லிய துரு கோளாறல்ல. நாலைந்து முறை பிரேக் பிடித்தால் போய்விடும். நமது செம்மண் பாதையின் சேறும் மணலும் பேடில் சிக்கினால் தட்டில் கோடு விழும். சக்கரத்தின் உட்புறத்தையும் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். மலை இறக்கத்தில் பிரேக்கிலேயே கால் வைத்துக்கொண்டு வராமல் தாழ்ந்த கியரில் இறங்க வேண்டும். ஐந்து பேர் காரில் எட்டுப் பேரை ஏற்றுவதும் பிரேக்குக்குப் பகை. சர்வீஸைத் தவணை தவறாமல் செய்து, ஒவ்வொரு ரசீதையும் பத்திரப்படுத்த வேண்டும். இவற்றில் தவறினால், "முறைகேடான உபயோகம்" என்று கைகாட்ட நாமே இடம் கொடுத்தவர்களாவோம்.

வாரண்டிப் புத்தகத்தையும் ஒருமுறை முழுக்கப் படிக்க வேண்டும். ஐந்து ஆண்டு என்று விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும். பேடு, டிஸ்க், கிளட்ச் தட்டு, வைப்பர், பல்பு முதலியவற்றுக்கு வாரண்டியே இல்லை என்றோ, குறுகிய காலமே என்றோ உள்ளே பொடி எழுத்தில் இருக்கும். காலம், கிலோமீட்டர் என்ற இரண்டு எல்லைகளில் எது முந்துகிறதோ அதோடு வாரண்டி முடிந்துவிடும். எனவே நடுக்கம் தெரிந்த வாரத்திலேயே புகார் பதிவாக வேண்டும். அடுத்த சர்வீஸில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால், அந்த அடுத்த சர்வீஸுக்குள் எல்லை கடந்துபோகும்.

புத்தகத்துக்கு மேலே சட்டம் இருக்கிறது

வாரண்டிப் புத்தகத்தில் இல்லையென்றால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பது தவறு. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் நம் கையில் இருக்கிறது. விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரமுடையதாக இருக்க வேண்டும் என்கிறது அதன் 32-ஆவது பிரிவு. பொருள் பத்திரமானதா, நீடித்து உழைப்பதா என்பவையும் அந்தத் தரத்தில் அடக்கம். இந்த உரிமையை ஒப்பந்த வாசகத்தால் பறித்துவிட முடியாது என்றும் அச்சட்டம் சொல்கிறது. அதாவது, கம்பெனி தரும் வாரண்டி சட்டம் தரும் உரிமைக்கு மேலதிகமானது, அதற்கு மாற்றானதல்ல. விற்றவர்மீது மட்டுமல்ல, உற்பத்தியாளர்மீதும் கோரிக்கை வைக்க இடமுண்டு.

கோளாறு சரிசெய்யக் கூடியதாக இருந்தால், நியாயமான காலத்துக்குள் சரிசெய்யும்படி முதலில் விற்றவரைக் கேட்க வேண்டும். அவர் மறுத்தாலோ கண்டுகொள்ளாமல் விட்டாலோ, வேறிடத்தில் பழுது பார்த்து, அதற்கான நியாயமான செலவை அவரிடமே கேட்கலாம். அப்படிச் செய்யும்போது கழற்றிய பழைய டிஸ்க்கைப் பட்டறையில் விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். அதுவே உங்கள் சாட்சி.

பேச்சுவார்த்தையில் முடியாவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. அங்கே மனுக் கட்டணம் 5 வெள்ளி. 2019-ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு 50,000 வெள்ளி வரையுள்ள கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. வழக்கு எழுந்த மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். பொதுவாக இரு தரப்பும் வழக்கறிஞர் இல்லாமலே நிற்க வேண்டும் என்பது நமக்குப் பெரிய துணை. எதிரே கம்பெனியின் ஆள் நிற்பார். இங்கே நம் தோழர் நிற்பார். நடுவே காகிதம் பேசும். தீர்ப்பை 14 நாட்களுக்குள் நிறைவேற்றாமல் இருப்பது குற்றமாகும். ஆனால் இது சொந்த உபயோகத்துக்கான வண்டிகளுக்கே. தொழிலுக்கு வாங்கிய லாரிக்கும் வேனுக்கும் பொருந்தாது.

ஒரு எச்சரிக்கையும் செய்ய வேண்டும். கம்பெனிமீது உள்ள கோபத்தில் மாதத் தவணையை நிறுத்திவிடாதீர்கள். தவணை பாங்குக்குரியது, தகராறு விற்றவரோடு. தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் காரை இழுத்துச் செல்ல நோட்டீஸ் வரும். பிரேக்குக்காகத் தொடங்கிய வழக்கில் காரையே இழக்க வேண்டாம்.

செய்ய வேண்டியது

சர்வீஸ் நிலையத்துக்குப் போகும்போது நான்கு காரியங்களை மறவாதீர்கள். முதலாவது, எந்த வேகத்தில், எப்படி நடுங்குகிறது என்பதை வேலைத் தாளில் எழுதச் சொல்லி, தேதியும் கிலோமீட்டரும் குறிக்கப்பட்ட நகலை வாங்குங்கள். இரண்டாவது, மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிக் காட்டுங்கள். மூன்றாவது, டிஸ்க்கின் கனத்தைச் சுற்றிலும் பல இடங்களிலும், ஆட்டத்தை டயல் கேஜிலும் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். நான்காவது, மறுப்பதாக இருந்தால் மறுப்பையும் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். வாயால் எளிதாகச் சொன்ன "தேய்மானம்" என்ற வார்த்தையைக் கையெழுத்துப் போட்டு எழுதச் சொன்னால் பலர் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்திலேயே பாதி வழக்கு தீர்ந்துவிடும்.

இங்கே கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. வாரண்டிப் புத்தகம் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் மலாயிலும் இருக்கிறது. பால்வெட்டும் தோழர் அதைப் பீரோவில் பூட்டி வைப்பதில் வியப்பில்லை. ஆபீசில் நாளெல்லாம் கணக்கும் கடிதமும் எழுதும் கை, மாலையில் அரைமணி நேரம் அந்தத் தோழருக்காக ஒரு புகார்க் கடிதம் எழுதினால் என்ன குறைந்துவிடும்? ஒரே மாதிரிக் காரை வாங்கிய நாலைந்து பேருக்கு ஒரே நடுக்கம் என்று தெரிந்தால், தேதி, கிலோமீட்டர், பதில் ஆகியவற்றை ஒரே பட்டியலாகத் தயாரித்து அனுப்புங்கள். ஒருவர் சொன்னால் முணுமுணுப்பு என்று தள்ளுவார்கள். ஐந்து பேர் எழுதினால் அது கோரிக்கை.

தோழர்களே! தேய்ந்ததற்குக் காசு கொடுப்போம். அதில் நமக்கு வருத்தமில்லை. தேயாததைத் தேய்ந்தது என்று சொல்லி நம் உழைப்பைத் தேய்க்க விடக்கூடாது. அளவைக் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள். அதுவரை எந்த ரசீதிலும் கையெழுத்திடுமுன் ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பாருங்கள்.